நத்தைக்குளத்தின் புதிய சொற்கள்

நத்தைக்குளத்தின் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. அதன் பெயர் செம்மூக்கி. அந்தக் காட்டிலேயே அதற்குத்தான் கர்ணகடூரமான குரல்.

ஆனால் அந்தக் குரலை நம்பித்தான் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். தலையைக் குனிந்து குடிக்கிறபோது சுற்றிலும் நடப்பது தெரியாது அல்லவா? அதனால் மான்கள் குனிந்தால் செம்மூக்கி நிமிர்ந்து நிற்கும். புதர் அசைந்தால் போதும். "சிறுத்தை! ஓடு! சிறுத்தை! ஓடு!" என்று கத்தும். மறுநொடி கரையில் ஒரு குளம்புகூட இருக்காது.

இதற்குக் கைம்மாறாக மான்கள் ஒன்று செய்தன. ஆட்காட்டி கூடு கட்டாது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். அந்தக் கற்களை எந்த மானும் மிதிக்காது. என்ன அவசரமானாலும் சுற்றிக்கொண்டுதான் போகும்.

இந்த ஏற்பாட்டில் பட்டினி கிடந்தது சிறுத்தை மட்டும்தான்.

ஒருநாள் அது உடும்பிடம் புலம்பியது. "ஆறு நாளாக வெறும் வயிறு! இன்றைக்கு அந்தக் குருவியையே தின்றுவிடப் போகிறேன்!"

"அவளைத் தின்றால் உங்கள் கடைவாய்க்குக்கூடக் காணாது" என்றது உடும்பு. "அவள் போனால் அவள் தங்கச்சி வந்து கத்துவாள். குருவியை விடுங்கள். அவள் கத்துகிற சொல்லைத் தீர்த்துக்கட்டுங்கள்."

"சொல்லை எப்படியப்பா தீர்த்துக்கட்டுவது?"

"அதை என்னிடம் விடுங்கள். எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒரு பதவி. அப்புறம், கரையோரத்து முட்டைகள்."

மறுநாள் காலை உடும்பு பாறைமேல் ஏறியது. பிளந்த நாக்கை நீட்டி ஒருமுறை உதடு நனைத்துக்கொண்டது.

"குளத்து மக்களே! நம் சிறுத்தையார் திருந்திவிட்டார்! இன்றுமுதல் அவர் உங்கள் காவலர். நான் சொல் அமைச்சர். இனி 'சிறுத்தை' என்று யாரும் சொல்லக்கூடாது. 'காவலர்' என்று சொல்லவேண்டும். 'ஓடு' என்ற சொல் ஒழிந்தது. அதற்குப் பதில் 'வணங்கு'. 'பயம்' என்பதும் கிடையாது. அதன் பெயர் 'மரியாதை'!"

காட்டுப்பன்றி கொம்பையா சிரித்துவிட்டது. "ஏன் அமைச்சரே, காவலருக்கு எதற்கு அவ்வளவு நீளப் பல்?"

"காவலுக்குத்தான்!"

"பதில் தயாராகத்தான் வைத்திருக்கிறீர்!" என்று உறுமிவிட்டுக் கொம்பையா சேற்றுப்பக்கம் போய்விட்டது.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சொல்லப்போனால் பலருக்குப் புதிய சொற்கள் பிடித்துப் போயின. "கேட்கவே காதுக்கு இதமாக இருக்கிறது" என்றது முயல். "செம்மூக்கி கத்தினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். இனி நிம்மதி!"

செம்மூக்கி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கண்ணால் பார்ப்பதைத்தான் கத்துவேன்!" என்றது.

உடும்பு மெதுவாக நடந்து கூழாங்கற்களிடம் வந்தது. அங்கே நான்கு முட்டைகள் இருந்தன. உடும்பின் நாக்கு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"அழகான முட்டைகள். ஓடு ரொம்ப மெல்லிசு. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளம்மா" என்றது.

செம்மூக்கி வாயை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் சிறுத்தை வந்தது. செம்மூக்கி சட்டப்படி அறிவித்தது. "காவலர் வருகிறார். வணங்கு."

எல்லோரும் தலை குனிந்தார்கள். நிமிர்ந்தபோது முயல் இல்லை.

"முயல் எங்கே?" என்று கேட்டது ஒரு மான்.

"அக்கரைக்குப் போயிருக்கிறார்" என்றது உடும்பு. "அங்கே புல் இடுப்பளவு உயரம். காவலரே கூட்டிப்போனார்."

புல்மேல் ரத்தம் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் 'அக்கரைக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டால் தொண்டையில் புல் இறங்கியது. அதனால் அப்படியே சொன்னார்கள். இரண்டு நாளுக்கு ஒருவர் அக்கரைக்குப் போனார். யாரும் திரும்பி வரவில்லை. "அவ்வளவு நல்ல இடம் போலிருக்கிறது!" என்றது உடும்பு.

இந்த நாட்களில்தான் மருதாயி என்ற மானுக்கு ஒரு குட்டி பிறந்தது. துள்ளான் என்று பெயர். வாய் ஓயாத குட்டி. அது புதிய சொற்களை மட்டுமே கேட்டு வளர்ந்தது.

"அம்மா, அக்கரையில் புல் எவ்வளவு உயரம்?"

"பேசாமல் மேய்டா."

"காவலர் என்னை எப்போது கூட்டிப்போவார்?"

மருதாயி மேய்வதை நிறுத்தியது. குட்டியிடம் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் எதைச் சொல்லிப் புரியவைப்பது? பயப்படு என்றால் குட்டிக்குத் தெரியாது. மரியாதையாக இரு என்றால், அது ஏற்கெனவே மரியாதையாகத்தான் இருந்தது.

"உனக்கு ஏன்மா கால் நடுங்குகிறது? மரியாதையா?" என்று கேட்டது துள்ளான்.

"ஆமாம்" என்றது மருதாயி. வேறு சொல் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறியிருந்தது. மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. செம்மூக்கி முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தது. பக்கத்திலேயே உடும்பு குளிர்காய்ந்துகொண்டிருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்றே நாள்.

அப்போது செம்மூக்கி பார்த்தது. கோரைப்புல்லுக்குள் சிறுத்தை பதுங்கியிருந்தது. துள்ளான் அதை நோக்கித் தானாகவே நடந்து போய்க்கொண்டிருந்தது!

"காவலரே! காவலரே!" என்று கூப்பிட்டது குட்டி. "இன்றைக்கு என்னை அக்கரைக்குக் கூட்டிப்போங்களேன்!"

சிறுத்தைக்கே ஒரு கணம் திகைப்பாகிவிட்டது. தன் காலால் நடந்து வருகிற சாப்பாட்டை அது அதுவரை பார்த்ததில்லை.

"வா ராஜா, வா! கிட்ட வா!" என்றது.

செம்மூக்கி எழுந்தது. உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது. "சட்டம் தெரியும் இல்லையா?" என்று நாக்கை நீட்டி முட்டைகளைக் காட்டியது.

'காவலர் வருகிறார்' என்று கத்தலாம். முட்டைகள் பிழைக்கும். ஆனால் அதைக் கேட்டால் குட்டி இன்னும் சந்தோஷமாகத்தான் போகும்.

செம்மூக்கி ஒருமுறை கீழே பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

"சிறுத்தை! ஓடு! சிறுத்தை! ஓடு!"

குளமே அதிர்ந்தது. துள்ளான் நின்று, நிமிர்ந்து பார்த்தது.

"ஓடு என்றால் என்ன அத்தை?"

"ஐயோ! கேள்வி கேட்காதேடா!" என்று அலறிய செம்மூக்கி நேராகச் சிறுத்தையின் முகத்தில் பாய்ந்து மூக்கில் கொத்தியது. சிறுத்தை இருமுறை பாதத்தை வீசியது. இரண்டு இறகுகள்தான் கிடைத்தன.

அந்தக் குரல் மருதாயியின் காதில் விழுந்தது. எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். மருதாயி யோசிக்கவில்லை. குளம்பால் தரையை ஓங்கி உதைத்தது. வெள்ளை வாலைத் தூக்கியது. பாய்ந்தது. அம்மாவின் வெள்ளை வால் முன்னால் போனால் பின்னால் போகவேண்டும். அதை எந்தக் குட்டிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடும்பும் வாலைப் பற்றிச் சட்டம் போட மறந்திருந்தது. துள்ளான் துள்ளிக்கொண்டு பின்னால் ஓடியது.

"சிறுத்தை! சிறுத்தை!" என்று ஒரு கிழமான் கத்தியது. அப்புறம் இன்னொன்று. அந்தச் சொல்லை அவர்கள் யாரும் மறந்திருக்கவில்லை, தொண்டையிலேயே வைத்திருந்தார்கள்.

"உடும்பே!" என்று கர்ஜித்தது சிறுத்தை. "வணங்கு என்று சொல்! அவர்களை நிற்கச் சொல்!"

உடும்பு சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தது. முடியவில்லை. ஏனென்றால், தாய்க்குருவி பறந்த மறுநொடியே அது ஒரு முட்டையை முழுதாக வாயில் போட்டுக்கொண்டிருந்தது! துப்ப மனம் வரவில்லை. விழுங்கவும் நேரமில்லை. "ம்ம்! ம்ம்ம்!" என்றது சொல் அமைச்சர்.

மான்கூட்டம் புழுதி பறக்க வந்தது. கூழாங்கற்களைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து, வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் உடும்பின் நீண்ட வால் கற்களுக்கு வெளியே கிடந்தது. எத்தனை குளம்புகள் அதை மிதித்தன என்று உடும்புக்குத்தான் தெரியும். சத்தம் கேட்டு வந்த கொம்பையா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"எங்கே ஓடுகிறீர் அமைச்சரே? வணங்கிவிட்டுப் போங்கள்!" என்று துரத்திய துரத்தலில் உடும்பு காட்டைத் தாண்டித்தான் நின்றது.

அதன்பிறகு சிறுத்தைக்கு நத்தைக்குளத்தில் ஓர் எலிகூட அகப்படவில்லை. பசி தாங்காமல் ஒருநாள் தண்ணீரில் இறங்கி நீந்திப் போய்விட்டது. உண்மையாகவே அக்கரைக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்காவது முட்டை இருந்த குழியைச் செம்மூக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. மருதாயி பக்கத்தில் வந்து நின்றது.

துள்ளான் குழியை எட்டிப் பார்த்தது. "அத்தை, நாலாவது அக்கரைக்குப் போயிருக்கிறதா?"

"இல்லை கண்ணு" என்றது செம்மூக்கி. "அதை உடும்பு தின்றுவிட்டது."

துள்ளானின் கால்கள் நடுங்கின. "அம்மா, இது மரியாதை இல்லையே. இது வேறு என்னவோ."

"இதுதான் பயம்" என்றது மருதாயி. "வா, ஓடக் கற்றுத்தருகிறேன்."

தீங்குக்கு இனிப்பான பெயர் சூட்டச் சொல்கிறவரை நம்பிவிடக்கூடாது; நாம் பெயரை மாற்றிக்கொள்வதால் அதன் பல் மழுங்கிவிடுவதில்லை, நம் கால்தான் ஓட மறந்துபோகிறது.