இன்னாசி பிடித்த கம்பி

“வாத்தியாரே, அரை அரிசி அளவு முகத்துல ஒரு ஆளை எப்படிக் கொண்டுவர்றது?”

கேட்டது தொம்மை அண்ணாச்சி.

வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பல் இல்லை, யாருக்கோ மறுநாள் பொருத்தவேண்டிய கடைவாய்ப் பல்.

வாத்தியார் என்றதும் தாடியைத் தேடவேண்டாம். சண்முகக்கனிக்கு முப்பத்தைந்து வயது. தூத்துக்குடியில் செயற்கைப் பல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறாள். ஞாயிறு மதியம் நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். குட்டி விமானம், குட்டிக் கப்பல் செய்கிற கிறுக்கு எங்களுக்கு. எல்லாம் நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவில் கனியின் கைக்கு ஈடாக எங்களில் ஆள் இல்லை. நாங்கள் கிண்டலுக்குத்தான் வாத்தியார் என்போம். அறுபத்துமூன்று வயது அண்ணாச்சி மட்டும் மனதாரச் சொல்வார்.

அவர் துறைமுகத்தில் டக் ஓட்டியவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருமே, அந்தச் சின்னக் கப்பல். அவர் ஓட்டிய டக்கை உடைத்து இரும்புக்குப் போட்டு வருஷம் பல ஆகிவிட்டது. அதைத்தான் ஒரு முழ நீளத்தில் செய்து மேஜைமேல் வைத்திருந்தார். ஒரு ஆணி குறையாது. ஆனால் அதில் ஆள் இல்லை.

அந்த ஆள் இன்னாசி. பின் தளத்தில் இழுவைக் கயிற்றைப் பார்த்துக்கொண்டவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கயிறு அறுந்து அடித்ததில் இறந்துபோனார். சுக்கான் அண்ணாச்சி கையில் இருந்தது. வீட்டில் இன்னாசியின் மனைவிக்கு ஏழு மாதம்.

பிறந்த பெண் ஜெனிட்டா. கல்யாணம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை மஸ்கட் போகிறாள். அப்பா பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாளாம். வீட்டில் இருப்பது மாலை போட்டுக் கை கூப்பி நிற்கும் கல்யாணப் படம் ஒன்றுதான். அவள் அண்ணாச்சியிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்.

“எங்க அப்பா நின்ன இடத்தைக் காட்டுங்க பெரியப்பா. நான் பாத்துட்டுப் போறேன்.”

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

அண்ணாச்சி ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே ஏழு பொம்மைகள். ஏழும் இன்னாசி. நாங்கள் ஆளாளுக்குச் சொன்ன யோசனையெல்லாம் அதில் இருந்தது. ஒற்றை முடி பிரஷ்ஷால் கண் வை என்றான் ஒருவன். தொப்பி போட்டு முகத்தை நிழலாக்கு என்றான் இன்னொருவன். கண்ணே வேண்டாம், குழி மட்டும் போதும் என்று சொன்ன மேதாவி நான். மனுஷன் எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார்.

“ஏழு பேரும் யாரோ” என்றார். “எவனும் இன்னாசி இல்ல.”

கனி எழுந்து வந்தாள். பொம்மைகளைப் பார்க்கவில்லை. டப்பாவை மூடிக் கையில் எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

அவள் டக்கின் பக்கம் குனிந்தாள். அதைப் பழசாக்கும் வேலையை அண்ணாச்சி போன மாதம்தான் முடித்திருந்தார். புதுப் பெயிண்ட்டை உப்புக்காற்றில் கிடந்த மாதிரி ஆக்குவது எங்கள் தொழிலில் பெரிய வித்தை. துரு, உப்புப் படலம், எண்ணெய்க் கறை, கம்பிகளில் உரிந்த பெயிண்ட் எல்லாம் தளம் முழுக்க ஒரே சீராக இருந்தது. நாங்கள் கைதட்டியிருந்தோம்.

“நல்லாப் பழசாக்கியிருக்கீங்க அண்ணாச்சி” என்றாள் கனி. “பழக்கலையே.”

எங்களுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. கம்பிகளில் உரிந்த மாதிரி வரைந்ததையெல்லாம் மூடி மறுபடி பெயிண்ட் அடிக்கச் சொன்னாள்.

“புதுசாக்கவா?” என்று கேட்டார் அண்ணாச்சி. ஒரு மாத உழைப்பு.

“ஆமா. அது காயட்டும். நீங்க மேல வாங்க.”

அண்ணாச்சி பிரஷ்ஷை எடுத்தார். முடித்ததும் நாங்களும் பின்னாலேயே மொட்டை மாடிக்குப் போனோம். வேடிக்கை பார்க்கச் சொல்லியா தரவேண்டும்.

கனி கையில் சாக்குக்கட்டி. டக்கின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அளவையும் எழுபத்திரண்டால் பெருக்கித் தரையில் கோடு போட்டாள். பின் தளம் நிஜ அளவில் விரிந்தது. சமையல்கட்டு வாசல், கயிறு சுற்றும் உருளை. அதன் பிரேக் கைப்பிடிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் சந்து, சந்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி.

ஒரு வருஷமாக மேஜைமேல் பார்த்த சாமான். நான் அதற்குள் நின்றுகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கனி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தாள்.

“காலைல என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க.”

அண்ணாச்சி சங்கடமாகச் சிரித்தார். சமையல்கட்டுக் கோட்டிலிருந்து நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. இல்லாத படி ஒன்றில் கால் தூக்கி இறங்கினார். எதற்கோ தலை குனிந்தார். உருளையைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் பின்னால் போய் நின்றார்.

வலது பக்கக் கம்பியின் மேலே, வெறும் காற்றில், ஒரு டம்ளரை நீட்டினார்.

நீட்டியபடியே நின்றார். டீயில் ஆவி பறந்தது.

“ஏன் அந்தப் பக்கம்?” என்று கனி மெதுவாகக் கேட்டாள்.

“தெரியல. கை போயிடுச்சு.”

அவள் குனிந்து அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள்.

கீழே வந்ததும் கம்பியில் அதே இடத்தைக் காட்டி, அவரிடம் ஒரு தீக்குச்சியைக் கொடுத்தாள். தீக்குச்சியின் கனத்தை எழுபத்திரண்டால் பெருக்கினால் ஒரு கை பிடிக்கும் அகலம் வரும். வீட்டுக்குப் போய் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“இதுதான் அவர் கை. ஒரு தேய்ப்பு ஒரு நாள். எத்தனை நாள் கூட வேலை பாத்தீங்க?”

“ஆறு வருஷம்.”

“அப்ப ஆறு வருஷம் தேய்ங்க.”

அந்த வாரம் நான் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். இது இன்னாசிக்குக் காய்ச்சல் அடித்த நாள், இது பெண் பார்க்கப் போய்விட்டு வந்து வாயெல்லாம் பல்லாக நின்ற நாள் என்று முணுமுணுத்தார். நான் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். “கடைசி நாளுக்கு வந்துட்டேன். கை வரமாட்டேங்குது” என்றார்.

கனிக்குச் சொன்னேன். அங்கேயே நிறுத்தச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா வந்தாள்.

டக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

“ஆளைக் காணோமே பெரியப்பா.”

அண்ணாச்சி கனியைப் பார்த்தார். என்ன பண்ணிவிட்டாய் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அலமாரியில் பூட்டிய ஏழு பேரில் ஒருவனையாவது எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று எனக்கும் அடித்துக்கொண்டது.

கனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. கண்ணைத் தளத்தோட மட்டத்துக்குக் கொண்டுவாங்க. ஒரு கண்ணை மூடிக்குங்க. அவசரமில்ல.”

ஜெனிட்டா வலது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

அவள் கண் சமையல்கட்டைத் தாண்டியது. உருளையைச் சுற்றியது. சந்துக்குள் நுழைந்தது. அங்கே நின்றது.

கப்பல் முழுக்கக் கம்பிகளில் மஞ்சள் பெயிண்ட் புதுசாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், ஒரு தீக்குச்சி அகலத்துக்கு, பெயிண்ட் போய் அடியில் இருந்த பித்தளை மின்னியது. இப்போதுதான் யாரோ கை எடுத்துவிட்டு நகர்ந்த மாதிரி.



ஜெனிட்டா இடது கையை நீட்டினாள். கம்பியைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பிரேக் கைப்பிடியின் மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. அப்பா வலப்பக்கம் மட்டுந்தான் பிடிச்சிருக்காரு.”

“ஆமா மக்களே” என்றார் அண்ணாச்சி.

“அப்ப வேலை செஞ்சது இந்தக் கையா?”

அண்ணாச்சி அவள் கையைப் பார்த்தார்.

“சின்னதுல இருந்து பீச்சாங்கை, பீச்சாங்கைன்னு எல்லாரும் திட்டுவாங்க” என்றாள் ஜெனிட்டா. “அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லமாட்டா. எந்திரிச்சுப் போயிருவா.”

இன்னாசி இடது கைக்காரர் என்பது இருபத்தாறு வருஷமாக அண்ணாச்சிக்கே மறந்துபோயிருந்தது.