எம்.டி.யின் தனிக் கழிப்பறை

பஸ் டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்றில் அருணகிரி என்று ஒரு எம்.டி. இருந்தார். புக்கிங்கை நடத்தும் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடியை ஒருநாள் கூப்பிட்டார்.

“இந்த ஆபீஸ்ல எதுவும் சும்மா கிடக்கக் கூடாதும்மா. எல்லா சர்வருக்கும் முழுசா வேலை கொடு. ஆனா தீபாவளிக் கூட்டத்துல புக்கிங் திணறுச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல.”

“சரி சார்” என்ற பொற்கொடி, போகிற வழியில் அவருடைய தனிக் கழிப்பறையின் பூட்டைக் கழற்றிவிட்டு, எல்லோரும் போகலாம் என்று எழுதி ஒட்டினாள்.

மறுநாள் மதியம் பிரியாணி தன் வேலையைக் காட்ட, எம்.டி. ஓடினார். வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்தான் கதவைத் திறக்கவில்லை.

“யார் செஞ்ச வேலை இது?” என்றார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“நான்தான் சார். நாள் முழுக்க சும்மா கிடந்துச்சு. இப்போ ஒரு நிமிஷம்கூட சும்மா இல்ல” என்றாள் பொற்கொடி.

“எனக்கு அவசரம்னா?”

“டிக்கெட் கூட்டமும் இப்படித்தான் சார், சொல்லிட்டு வராது. ரெண்டு சர்வர் சும்மா நிக்கட்டும். மத்ததுல, கூட்டம் வந்ததும் நிறுத்தி வைக்கக்கூடிய வேலையா ஓட்டிக்கறேன்.”

“ரெண்டு என்ன, நாலு நிக்கட்டும். முதல்ல கதவைத் தட்டு.”

பொற்கொடி தட்டினாள்.

“இப்பதான் வந்தேன்” என்றது உள்ளேயிருந்து நிதானமான ஒரு குரல்.