புள்ளிச்சி தண்ணீர்க் குளியலை விட்ட கோடை

கிட்ட வந்து உட்காருங்க. வாசல் பக்கம் உட்கார்ந்தால் பாதிக் கதையைக் காற்று கொண்டுபோய்விடும். காலை மடக்கிக்கொள்ளுங்க, பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேணுமில்லையா. ம், போதும்.

அந்தக் காலத்தில் கோழி பேசும். இப்போது கத்துகிற மாதிரி இல்லை, மனுசரோடு நின்று நியாயம் பேசும். இன்னொன்றும் உண்டு. காக்கை குருவி போலக் கோழியும் அப்போது தண்ணீரில்தான் குளித்தது. கோழி வளர்க்கிற வீட்டுக்காரி தினம் ஒரு சட்டித் தண்ணீர் கோழி குளிக்கவென்று வைக்க வேண்டும். கோழி முட்டை கொடுக்கும், இவள் தவிடும் தண்ணீரும் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பேச்சு.

அப்போது மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் இருளப்பன், மழை பொய்த்துப்போன ஒரு வருசம், ஆடுகளை ஓட்டிக்கொண்டு புல் இருக்கிற சீமைக்குப் போய்விட்டான். ஆடி மழை விழுந்தால்தான் திரும்புவான். வீட்டில் அவளும் ஒரு கைக்குழந்தையும். கலயத்தில் கொஞ்சம் கம்பு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் காய்கறித் தோட்டம். அப்புறம் புள்ளிச்சி என்று ஒரு கோழி.

பங்குனி பிறந்ததும் ஊர்க் கிணறு அடியில் போய்விட்டது. பொழுது சாய்கிற நேரம் ஊறினதை ஆளுக்கு இரண்டு குடம் இறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். மூக்காயி ஒரு குடத்தைக் கஞ்சிக்கும் குடிக்கவும் வைப்பாள். இன்னொரு குடத்தில் ஒரு சட்டி புள்ளிச்சிக்கு. மீதியைத் தோட்டத்துக்கு ஊற்றுவாள். அந்த மீதி எந்த மூலைக்குக் காணும்? வெண்டை காய்ந்தது. கொத்தவரை காய்ந்தது. கத்தரி இலையெல்லாம் கருகி நின்றது. கடைசியில் ஒரே ஒரு பூசணிக்கொடி மட்டும் தரையில் படர்ந்து பச்சையாக இருந்தது. அதில் இரண்டு பிஞ்சு. அவை முற்றிக் காயாகிவிட்டால் கம்போடு சேர்த்து ஆடி வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று மூக்காயி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருக்கும்போது புள்ளிச்சி இரண்டு நாள் கண்ணில் படவில்லை. தேடிப் போனால், அந்தப் பூசணி இலைகளுக்கு அடியில் பல நாளாக யாருக்கும் தெரியாமல் பதினோரு முட்டை இட்டுவைத்து, இப்போது அடை உட்கார்ந்திருக்கிறது.

"ஏண்டி, வீட்டுக்குள்ள உனக்குன்னு வைக்கோல் போட்டுக் கூடை வெச்சேனே. இங்க வந்து உட்கார்ந்தா என்ன அர்த்தம்?"

"கூடைக்குப் பின்னாடி கீரி வந்து போகுது ஆத்தா. நீ தூங்குறே, உனக்குத் தெரியாது."

அடை உட்கார்ந்த கோழியை இடம் மாற்றினால் முட்டை கூமுட்டையாகிவிடும். அது மூக்காயிக்கும் தெரியும். அதனால் அங்கேயே விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கவலை இரண்டு கவலையானது. கொடி வாடினால் பிஞ்சும் போச்சு, இலை சுருங்கி வெயில் விழுந்து முட்டையும் அவிந்துபோகும்.

"ஒன்னு சொல்லிட்டேன். கொடி வேர்ப்பக்கம் மட்டும் கால் வைக்காதே. பிஞ்சு விட்ட பூசணிக்கு வேர்ல கை படக் கூடாது, கால் படக் கூடாது, பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. அழுகிப்போகும்."

"யார் சொன்னா?"

"எங்க ஊர்ல எல்லாரும்."



குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள். மூக்காயி சுவரில் தினம் ஒரு கரிக்கோடு இழுத்தாள். எட்டாவது கோடு இழுத்த அன்று உச்சிவேளையில் கொடியின் இலைகள் நனைந்த துணி மாதிரித் தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்துவிடும் என்று பார்த்தாள். நிமிரவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் கண் கொடி மேலேயே இருந்தது.

அன்று தண்ணீர் எடுத்து வந்தவள், கோழியின் சட்டியைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள்.

"கிணத்துல இன்னைக்கு என் பங்குக்கு ஒன்றேகால் குடம்தான் ஊறிச்சு புள்ளிச்சி. நாளைக்குப் பார்ப்போம்."

புள்ளிச்சி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது.

மறுநாளும் ஒன்றேகால் குடம் என்றாள். அதற்கு மறுநாளும். அந்தச் சட்டித் தண்ணீரும் சேர்ந்து கொடிக்கே போனது. இருட்டும் முன்னே வந்து, இலைகளுக்கு நடுவில் குடத்தைச் சாய்த்து வேர்ப்பக்கம் ஊற்றுவாள். தண்ணீர் சொர்ரென்று போகிற சத்தம் கேட்கும். குடிக்கட்டும், நல்லா குடிக்கட்டும் என்று நின்று கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் கொடி தேறவில்லை. பதின்மூன்றாம் கோட்டுக்கு ஓரத்து இலை இரண்டு மஞ்சளாகிவிட்டது.

கோழியும் தேறவில்லை. குளிக்காத உடம்பில் பேன் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலேயே சிறகைச் சிலிர்க்கும், அலகால் நெஞ்சைக் கோதும், எழும், உட்காரும்.

"ஆத்தா, மேலெல்லாம் ஊருது. தலை நிறையப் பேனை வெச்சுக்கிட்டு இருபத்தோரு நாள் கையை அசைக்காம உட்கார உன்னால ஆகுமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கடி. எழுந்து போயிராதே. உன்னைக் கும்பிடுறேன்."

"போகணும்னு நான் நினைக்கலை. உடம்பு நினைக்குது."

அதைக் கேட்டதும் மூக்காயிக்குத் தூக்கமே வரவில்லை. சட்டியை வைத்தால் கொடி போகும். வைக்காவிட்டால் கோழி எழுந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் முட்டைக்குத்தான் கேடு.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சடச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மதினி, உங்க தோட்டம் ரொம்பத் தாராளம். எங்க பக்கம் வேலியோரமா அறுகம்புல்லு பச்சைப் பசேல்னு நிக்கு. அண்ணன் ஆட்டை ஓட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போயிருக்க வேண்டியதே இல்லை. இங்கயே மேய்ச்சிருக்கலாம்."

கேலி செய்ய வந்துவிட்டாள் என்று மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வாயில வடியறதுல முளைச்சிருக்கும், போங்க."

"நல்லதுக்குச் சொன்னா இப்படித்தான்" என்று சடச்சி தலையை இழுத்துக்கொண்டாள். மூக்காயியும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இலைக்கு அடியில் இருந்த புள்ளிச்சி மட்டும் அந்தப் பேச்சை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள். மூக்காயி சுள்ளி பொறுக்கப் போய்விட்டு உச்சிவெயிலில் திரும்பினாள். தோட்டத்தில் புழுதி பறந்தது. என்னவென்று பார்த்தால், பூசணி வேரைச் சுற்றி மண் எல்லாம் கிளறிக் கிடக்கிறது. நடுவில் புள்ளிச்சி ஒருக்களித்துப் படுத்து, ஒரு சிறகை விரித்து, கண்ணை மூடி, மண்ணை வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டிருக்கிறது.

சுள்ளிக்கட்டு கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய்க் கோழியை அள்ளினாள். வீட்டோரம் கொண்டுபோய்க் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.

"என் பிள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டியேடி. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

திரும்பி வந்து வேரிடம் உட்கார்ந்தாள். மயிர் போல இரண்டு வேர் வெளியே தெரிந்தது. புழுதியைத் தள்ளி மூடினாள். முட்டைகளின் மேல் ஒரு சாக்கைப் போட்டாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆத்தா, முட்டை மேல எதையாச்சும் போட்டிருக்கியா?"

மூக்காயி சாக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாக்குன்னா எடுத்துரு. உள்ள புழுங்கிரும். இலை நிழல் போதும்."

கோபம் கோபமாகவே இருந்தாலும் மூக்காயி எழுந்துபோய்ச் சாக்கை எடுத்தாள்.

"நான் கெடுக்கணும்னு கிளறலை. அரிப்புத் தாங்காம ஓடி வந்தேன், புரள்றதுக்கு மண்ணுதான் இருந்துச்சு. காலை வெச்சா நகம் வலிக்குது. உன் கொடி வேரைச் சுத்தி மண்ணு பொருக்குத் தட்டி, ஓடு மாதிரிக் கெடக்கு. ஓட்டு மேல தண்ணி ஊத்தினா நிக்குமா? நீ ஊத்துறதெல்லாம் சரிஞ்சு சடச்சி வீட்டுக்குத்தான் போகுது. அவ கேலி பேசலை ஆத்தா."

"வேரைத் தொடக் கூடாதுன்னு..."

"தொட்டாச்சே. இனிமே என்ன? பொழுது சாயட்டும், ஊத்திப் பாரு. தண்ணி ஓடிச்சுன்னா என்னைக் குழம்பு வை."

"குழம்பு வைக்கத் தண்ணிக்கு எங்க போவேன்" என்றாள் மூக்காயி. சிரிக்கத்தான் வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது.

பொழுது சாய்ந்தது. குடத்தைக் கொண்டுவந்து சாய்த்தாள். தினமும் கேட்கிற அந்தச் சொர்ரென்ற சத்தம் வரவில்லை. புழுதி தண்ணீரை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. இலையை விலக்கிப் பார்த்தாள். வேலியோரம் வரைக்கும் போய்த் தரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஓடிவந்து கூடையைத் தூக்கினாள். புள்ளிச்சி உதறிக்கொண்டு நேராக முட்டையிடம் போனது. ஒவ்வொன்றாக அலகால் உருட்டி நெஞ்சுக்கு அடியில் சேர்த்தது.

"உசிர் இருக்கா?"

"தெரியலை. உட்கார்ந்தாத்தான் தெரியும்."

மறுநாள் உச்சிவேளை வரைக்கும் மூக்காயி ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. வெயில் தலைக்கு நேரே வந்தது. இலைகள் நிமிர்ந்தே நின்றன. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். மேலே காய்ந்த புழுதி, அதற்குக் கீழே ஈரம்.

"புள்ளிச்சி, கிணத்துல என் பங்குக்குத் தினமும் ரெண்டு குடம் ஊறத்தான் செஞ்சுது. உன் சட்டித் தண்ணியை நான்தான்..."

"தெரியும். ஒன்றேகால் குடம்னு சொன்னப்ப தலையில நிறைகுடம் ஒன்னு, இடுப்புல நிறைகுடம் ஒன்னு வெச்சுக்கிட்டு நின்னியே." புள்ளிச்சி இறகைக் கோதிக்கொண்டது. "மண்ணுல புரண்டதும் பேன் உதிர்ந்துபோச்சு. இனி எனக்குச் சட்டி வேண்டாம், அதையும் கொடிக்கே ஊத்து. ஆனா எங்க மண்ணு புழுதியா இருந்தாலும் நான் போய்க் குளிப்பேன். நீ தடுக்கக் கூடாது."

"தடுக்க மாட்டேன். என் தோட்டத்துல எங்க வேணும்னாலும் குளி."

யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இருபத்தோராம் கோடும் இழுத்தாயிற்று. முட்டைக்குள் சத்தமில்லை. கூடைக்குள் அடைத்த அந்த அரைநாளை நினைத்து நினைத்து மூக்காயி கொடியையே சுற்றிச் சுற்றி வந்தாள். புள்ளிச்சி கண்ணை மூடி, கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டாம் நாள் விடியும்போது ஒரு ஓடு விரிசல் விட்டது. மத்தியானத்துக்குள் ஒன்பது குஞ்சு. இரண்டு முட்டை மட்டும் கூமுட்டை.

பூசணி காய்த்தது. கலயத்துக் கம்பும் தீராமல் ஆடி வரைக்கும் வந்தது. ஆடியில் மழை விழுந்து, இருளப்பனும் ஆடுகளோடு வந்து சேர்ந்தான். மூக்காயி மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, கத்தரி நாற்று நட்டுவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் புள்ளிச்சி ஒன்பது குஞ்சுகளோடு அந்தப் பாத்திக்குள் இறங்கிக் கிளற ஆரம்பித்திருந்தது.

"அடியே, நாத்துடி அது. இப்பத்தான் நட்டேன்."

"புழுதியா இருக்கே ஆத்தா. நீதானே சொன்னே."

சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? மூக்காயி போய்க் கருவேல முள்ளை வெட்டிவந்து நாற்றைச் சுற்றி வைத்தாள். "போகாதேன்னு நான் சொல்லலை. போக முடிஞ்சா போய்க்கோ."

புள்ளிச்சி முள்ளைச் சுற்றி ஒரு நடை நடந்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. தனக்கு எங்கேயும் வழியில்லை என்று பார்த்தது. பிறகு முள்ளுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து, வெளியிலேயே நின்றுகொண்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பியது.

அன்று முதல்தான் கோழி தண்ணீரைக் குடிக்கிறது, மண்ணில் குளிக்கிறது. அன்று முதல்தான் நாமும் நாற்று நட்ட கையோடு முள் வெட்டப் போகிறோம். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உள்ளே குஞ்சு நிற்கிறது.