வலது கன்னம்

கைக்குழந்தைகளைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள பிரிஜித்திடம் வந்தபோது அருணகிரிக்கு ஐம்பத்தைந்து வயது. பிரிஜித்துக்கு முப்பத்தாறு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். தூத்துக்குடியில் கல்யாண ஆல்பங்களிலேயே காலத்தைக் கழித்தவர் அவர். வீடு தேடிப் போய், பிறந்த பிள்ளைகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுக்கிறவள் அவள்.

ஒரு நாள் காலை இருவரும் ஒரு மாடி வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவள் செண்பகவல்லி. பிள்ளை பெற்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. தோளில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. அதன் வலது கன்னம் அவள் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டாள். "கறுப்பு வெள்ளைதானே எடுப்பீங்க?"

"அது மட்டும்தான்" என்றாள் பிரிஜித்.

"அப்ப இது தெரியாதுல்ல?"

பிள்ளையைத் திருப்பிக் காட்டினாள். வலது இமையில் தொடங்கி, கன்னம் முழுக்கப் பரவி, காதோரம் வரைக்கும் ஒரே சிவப்பு. பீட்ரூட் சாற்றை யாரோ சிந்திவிட்டது போல. பிறவி மச்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டாராம்.

"இவ அப்பா கப்பல்ல இருக்கார். இந்தப் பக்கத்தை இன்னும் அவர் பார்க்கலை."

"வீடியோவில பேசுவார்லம்மா?" என்றார் அருணகிரி.

"பேசுவார். நான் இடது கன்னத்தை மட்டும் காட்டுவேன். திருப்பச் சொன்னா, உறங்குறா, முழிச்சிருவான்னு சொல்லிருவேன்." பிள்ளையை மறுபடி தோளில் சாய்த்துக்கொண்டாள். "அவர் வர்றதுக்குள்ள மறைஞ்சிரும்னு எல்லாரும் சொல்றாங்க. மறையலைன்னா என்ன செய்யன்னுதான் தெரியலை. அதுவரைக்கும் முழு முகமா ஒரு படம் அனுப்பணும்."

பிள்ளைக்குத் துணி மாற்ற அவள் உள்ளே போனாள். அருணகிரி தணிந்த குரலில் கேட்டார்.

"கறுப்பு வெள்ளையில அது கறுப்பாத்தானே விழும்? இப்பவே சொல்லிருவோமா?"

பிரிஜித் பையிலிருந்து வட்டமான ஒரு சிவப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடி.

"பிள்ளை வந்ததும் இது வழியாப் பாருங்க."

செண்பகவல்லி பிள்ளையோடு வந்தாள். அருணகிரி கண்ணாடியைக் கண்ணருகே பிடித்தார். அறை முழுவதும் சிவந்தது. பிள்ளையின் கன்னத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடியை எடுத்தார், இருந்தது. வைத்தார், இல்லை. சின்னப் பையனைப் போல மறுபடியும் எடுத்து வைத்துப் பார்த்தார்.

"எங்க போச்சு டீச்சர்?"

"எல்லாமே சிவப்பாயிட்டா சிவப்பு எங்க தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் மாறியது. "இதை மாட்டியா எடுக்கப் போறீங்க?" என்றார் அவள் காதருகில்.

"அவங்க கேட்டது அதைத்தானே."

"பொய்யில்லையா அது?"

"ஜன்னலைத் திறங்கண்ணே. அந்தத் திரையையும் ஒதுக்கிருங்க."

கட்டிலை ஜன்னலோரம் இழுத்தார்கள். வெள்ளை வேட்டியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். பிரிஜித் சிவப்புக் கண்ணாடியை லென்ஸில் மாட்டி, தரையில் முழங்காலிட்டுக் காத்திருந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. தும்மியது. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, வெளிச்சம் வந்த பக்கம் திரும்பி அசையாமல் பார்த்தது. அப்போது எடுத்தாள்.

காமிராவை அப்படியே செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள்.

"தெரியலை!" என்றாள் செண்பகவல்லி. சிரித்தாள். "சுத்தமாத் தெரியலைங்க."

பிறகு காமிராவின் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதைப் பெருசாக்க முடியுமா?"

பிரிஜித் பொத்தானை அழுத்தினாள்.

"தாடையில சின்னதா ஒரு பள்ளம் இருக்கே."

"அவருக்கும் இருக்கா?" என்றார் அருணகிரி.

"அவருக்கில்லை. எனக்கு." தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "புருவம்தான் அவரோடது. கோபம் வந்தா அவருக்கும் இப்படித்தான் ஒண்ணு மட்டும் மேல ஏறும்."

காமிராவைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பிள்ளையின் மேல் குனிந்தாள். விரல் புருவத்தில் தொடங்கியது. இமையில் இறங்கியது. சிவந்த கன்னத்தின் மேலேயே நடந்து, தாடைப் பள்ளத்தில் போய் நின்றது. பிள்ளை வாயைத் திறந்து அந்த விரலைத் தேடியது.

"ஏட்டி, இத்தனை நாளா இதெல்லாம் எங்க வச்சிருந்த?" என்றாள்.

நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "கலர்ல ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

"நீங்களே எடுங்களேன்" என்றாள் பிரிஜித்.

செண்பகவல்லி தன் போனில் எடுத்தாள். முழு முகம், வெயில் வலது கன்னத்தில் விழும்படி. அனுப்புவதற்கு முன் விரல் கொஞ்சம் தயங்கியது. அனுப்பினாள்.

பிரிஜித் உட்கார்ந்து சிவப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். போன் அடித்தது. அவசரத்தில் செண்பகவல்லியின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. முதலில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"வலிக்குதா அவளுக்கு?" என்றது ஆண்குரல்.

"இல்லைங்க. வலிக்காதாம்."

"உனக்கு?"

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தமாக வந்தது. பிரிஜித் எழுந்தாள். அருணகிரி பையை எடுத்துக்கொண்டார். அவர்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "சரி, அழாத. கொஞ்சம் பக்கத்துல காட்டு. இன்னும் பக்கத்துல."

பாதிப் படியில் அருணகிரி நின்றார்.

"கடைசியில அவங்களே காட்டிட்டாங்க. அப்புறம் நீங்க எதுக்கு டீச்சர் முதல்ல அந்த மச்சத்தை மறைச்சீங்க?"

பிரிஜித் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் எல்லாரும் மச்சத்தைத்தானே பார்த்தாங்கண்ணே. கொஞ்சம் விலகிக்கோன்னு அதுகிட்டச் சொன்னேன். பின்னால பிள்ளை இருந்துச்சு."