கவிழ்த்து வைக்காத பானை

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, எந்த ராஜாவின் குதிரைக்கும் வழி தெரியாத ஒரு சின்ன ஊர் இருந்ததாம். ஊருக்குப் பின்னால் ஒரு மணற்குன்று, குன்றின் மேல் ஒரு மரச்சிலுவை. அந்த ஊரில் பனையேறி யாகப்பனின் மனைவி ஞானப்பூ கைக்குழந்தையோடு இருந்தாள். கேளுங்கள், இது அவளுடைய கதை.

ஊருக்கு ஜெபம் சொல்லித் தருகிறவர் கபிரியேல் உபதேசியார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒரு நாள் அவர் கனவில் கடல் முழுக்கப் பாலாய் வெளுத்துக் கிடந்தது. எழுந்து வந்து, "வருகிற பௌர்ணமி விடியும்போது ஆண்டவர் வருவார்" என்றார்.

ஊர் வெள்ளை உடுத்திக் குன்றேறியது. கிழக்கு வெளுத்தது. சூரியன் வந்தது, காகம் வந்தது, ஆண்டவர் வரவில்லை.

"கணக்கு பிசகிட்டுது" என்றார் உபதேசியார். விரல் மடக்கி மறுபடி எண்ணி, அடுத்த பௌர்ணமி என்றார். ஊர் மறுபடி வெள்ளை உடுத்தியது, மறுபடி குன்றேறியது. சூரியன் வந்தது, காகம் வந்தது, ஆண்டவர் வரவில்லை.

இந்த முறை கணக்கில் பிசகு இல்லை. அப்படியென்றால் பிசகு யாரிடம்? நம்மில் யாரோ ஒருவர் நம்பவில்லை, அதனால்தான் பாதி வழி வந்தவர் திரும்பிப் போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. வீடு வீடாகப் புகுந்து பார்த்தார்கள். ஆண்டவர் வந்தபிறகு சோறு எதற்கு என்று எல்லா வீட்டிலும் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஞானப்பூ வீட்டில் மட்டும் நிமிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தால், தண்ணீர் ஊற்றிய சோறு.

மற்ற நாளில் அது குற்றமா? ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. ஆனால் நாளைக்கு என்று ஒரு காலை இருக்கிறது என்று நினைக்கிறவள்தானே சோற்றில் தண்ணீர் ஊற்றுவாள்?

பக்கத்து வீட்டு சவேரியாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்டி, ஆண்டவர் வர்ற அன்னிக்கு உனக்குப் பழையது கேக்குதோ? மோட்சத்துல ஊறுகாய் இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா வரலாம்னு இருந்தியா?"

"பிள்ளைக்குப் பால் சுரக்கணுமேக்கா. காலையில வெறும் வயிறா இருந்தா..."

"அங்க மாதா இருக்கா, பால் குடுக்க. நீ உன் வேலையப் பாரு."

ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. இன்னொரு முறை இப்படி நடந்தால் யாகப்பன் குடும்பம் பனங்காட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். அவர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இல்லை, கோயிலில் இடம் இல்லை, அடுப்புக்குக் கேட்டால் நெருப்பும் இல்லை.

உபதேசியார் மூன்றாம் முறை நாள் குறித்தார்.

அதற்கு முந்தின நாள் பொழுது சாயும்போது ஊர் முழுக்க அடுப்பு எரிந்தது. இருந்த அரிசியை எல்லாம் ஆக்கினார்கள், தின்றது போக மிச்சத்தைக் கடற்பறவைகளுக்குப் போட்டார்கள், பானையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். ஞானப்பூவும் தன் வீட்டு அரிசி அத்தனையையும் பெரிய பானையில் போட்டு ஆக்கினாள். எட்டிப் பார்த்த சவேரியாள், "இப்பத்தான் உனக்கு விசுவாசம் வந்திருக்கு" என்று மெச்சிவிட்டுப் போனாள்.

உபதேசியாரும் வாசலில் வந்து நின்றார். "மகளே, இந்த ஒரு ராத்திரி மட்டும் பானையைக் கவிழ்த்துடும்மா. ஊர் தாங்காது." அவர் குரல் இறங்கியிருந்தது. "சரிங்கய்யா" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு பானை முன்னால் உட்கார்ந்தாள். தன்னால் ஆண்டவர் திரும்பிப் போனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது? அவர் வந்து, தன்னை மட்டும் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போனால்? அவர் வராமல், நாளைக்குப் பிள்ளை வாயை வைத்து உறிஞ்சும்போது மாரில் ஒன்றும் இல்லாமல் போனால்?

சோற்றைக் கொட்டப் பானையைத் தூக்கினாள், வைத்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை தூக்கப் போனபோது பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. ஞானப்பூ எழுந்து போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, பானை நிறைய ஊற்றி மூடினாள்.

குன்றின் மேல் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. நிலா கடலில் கரைந்துகொண்டிருந்தது. யாகப்பன் தோளில் சாய்ந்த ஞானப்பூவுக்குக் கண் சொக்கியது. அப்போது குன்றின் அந்தப் பக்கத்தில் யாரோ நடந்து வந்தார். காலெல்லாம் ஈரம், ஈரத்தில் மணல். வெள்ளை உடுத்தி உட்கார்ந்தபடியே தூங்கினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், யாரையும் எழுப்பவில்லை. இறங்கி நேரே அவள் வீட்டுக்குப் போனார். பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூர வழி நடந்தவர் கேட்கிற மாதிரி, "பழையது இருக்காம்மா?" என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது பிள்ளை அழுதது. விழித்தாள்.

சூரியன் வந்திருந்தது. காகம் வந்திருந்தது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பசியில் சிணுங்கத் தொடங்கின. உபதேசியார் சிலுவையடியில் மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ கேட்டார்கள், "யார் வீட்டுல பானை கவுக்காம இருக்கு?" அத்தனை தலையும் ஞானப்பூ பக்கம் திரும்பியது.

பொய் சொல்லலாம். இறங்கி ஓடிப் பானையைக் கவிழ்த்துவிடலாம். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுலதான்" என்றாள். "பானை நிறைய இருக்கு."

ஊர் கோபத்தோடுதான் குன்றிறங்கியது. சவேரியாள்தான் முதலில் போய் மூடியைத் திறந்தாள். புளித்த சோற்றின் வாசம் குப்பென்று எழுந்தது. ஏசுவதற்காக வாயைத் திறந்தவளுக்கு எச்சில் ஊறியது. அதற்குள் அவளுடைய கடைசி மகன் இடுப்புக்குக் கீழே புகுந்து, பானைக்குள் கையை விட்டு, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. சவேரியாள் அவன் வாயோரத்துப் பருக்கையைத் துடைத்துவிட்டாள். பிறகு, "உப்புப் போட்டியாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உப்பு எடுக்கப் போனாள்.

எல்லோரும் குடித்தார்கள். பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பிறகு, ஞானப்பூ கடைசியில். ஒருவர் மட்டும் வரவில்லை. அவள் ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு குன்றேறினாள்.

உபதேசியார் தலை நிமிரவில்லை. "ஊரையே பட்டினி போட்டுட்டேன். உன்னையும் துரத்தப் பாத்தேன்" என்றார். பிறகு மெல்ல, "அவர் வரவே மாட்டாரோ மகளே?" என்று கேட்டார்.

"வருவாருய்யா" என்றாள் ஞானப்பூ. "எப்பன்னுதான் நமக்குத் தெரியல. வர்றவரு பசியோட வந்தா, கவுத்து வச்ச பானையக் காட்டி என்ன சொல்றது? நீங்க முதல்ல இதைக் குடிங்க."

அவர் இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக் குடித்தார். கண்ணீரும் அதில்தான் விழுந்தது.

அன்றைக்குப் பிறகு அந்த ஊரில் யாரும் நாள் குறிக்கவில்லை, காத்திருப்பதையும் விடவில்லை. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது வீட்டு ஆட்களுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பிடி கூடச் சேர்த்தார்கள். அது யாருக்கு என்று பிள்ளைகள் கேட்டால், "வர்றவருக்கு" என்பார்கள். விடிந்ததும் வாசலில் யார் பசியோடு நின்றார்களோ, அவர்களுக்கு அதை ஊற்றினார்கள்.

ஆண்டவர் வருகைக்காகக் காத்திருக்கிறவர்கள், நாளைக்குப் பசிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துப் பானையை நிமிர்த்தி வைக்க வேண்டும்.