பட்டத்துக் குதிரையின் வணக்கம்

மேலைக்கோட்டை அரசர் இரணசிங்கருக்குப் பகைவர்கள் குறைவு, புகழ்கிறவர்கள் அதிகம். அவர்களில் முதல்வர் ஆஸ்தானப் பண்டிதர் ஞானபூபதி.

அரண்மனைப் பிள்ளைகளுக்காக அவர் 'விலங்குகளின் பார்வை' என்று ஒரு பாடம் எழுதினார். கழுகு உயரப் பறப்பது அரசரை முழுமையாகக் காண. பூனை இரவில் கண் விழிப்பது அரசருக்குக் காவலாக. வௌவால் தலைகீழாகத் தொங்குவது அரசரை நேருக்கு நேர் பார்க்கக் கூசி.

இதை நடத்த வேண்டியவன் அரசவை விகடன் கூத்தபிரான். பிள்ளைகளுக்கு அவனே ஆசிரியன். அந்த ஏட்டை வாய்விட்டுப் படிக்க அவனுக்கு நா எழவில்லை. பிள்ளைகளை லாயத்துக்கு அழைத்துப்போனான்.

"குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேரே நிற்பவரும் தெரியாது, வாலுக்கு நேர் பின்னால் நிற்பவரும் தெரியாது. பின்னால் போகாதீர்கள். மிரண்டால் உதைக்கும்."

அன்று மாலையே பண்டிதர் அரசரிடம் வத்தி வைத்துவிட்டார்.

விஷயம் சிறியதல்ல. தினமும் காலையில் அரசர் பட்டத்துக் குதிரையின் நெற்றிக்கு நேரே போய் நிற்பார். அது தலையைத் தூக்கும். அது வணக்கம் என்று பத்து வருடமாக அரண்மனைக் குறிப்பேட்டில் எழுதி வருபவர் பண்டிதர்.

மறுநாள் லாயத்திலேயே விசாரணை.

"என் குதிரைக்கு நான் தெரியமாட்டேனா?" என்றார் அரசர். "நீ சொன்னதை நிரூபி. இல்லையேல் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போ."

கூத்தபிரான் பண்டிதர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, இந்தக் குதிரைக்கு எல்லாப் பக்கமும் தெரியுமா?"

"தெரியும். அரச குதிரையல்லவா?"

"தங்களையும்?"

"தெரியாமலா? எத்தனை வருடப் பழக்கம்."

"அப்படியானால் சத்தமில்லாமல் போய் அதன் வாலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் மூட்டை கட்டிவிடுகிறேன்."

பண்டிதர் ஓரடி வைத்தார். குதிரை வாலைச் சுழற்றியது. வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இன்று முழங்கால் சரியில்லை."

"முக்காலி போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாமப்பா."

"ஏன் ஓய் தயங்குகிறீர்?" என்றார் அரசர்.

"பிரபு... அது என்னைப் பார்க்காமல் உதைத்துவிட்டால்?"

வாசலில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நிரூபணம் முடிந்தது, பிரபு," என்றான் கூத்தபிரான். "பாடம் கேட்டவர்கள் முப்பது பிள்ளைகள். புரிந்துகொண்டவர்கள் இவரோடு முப்பத்தொரு பேர்."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. "பத்து வருடமாக அது ஏன் தலையைத் தூக்கியது?"

"முன்னால் யார் மறைக்கிறார்கள் என்று பார்க்கத்தான், பிரபு."

மீதிச் சிரிப்பும் வந்தது. விரலிலிருந்த மோதிரம் கூத்தபிரானுக்குப் போனது.

அடுத்த நாள் அரசர் குதிரையின் பக்கவாட்டில் போய் நின்றார். அது தலையைத் தூக்கவில்லை. 'அரசரைக் கண்ட பக்தியில் அசையாமல் நின்றது' என்று பண்டிதர் குறிப்பேட்டில் எழுதினார்.