செம்பன் பிடித்த நரி

சிரிப்பு வரும், சத்தியம். ஆனால் இப்போதே வராது. முதலில் செம்பனோடு சேர்ந்து கொஞ்சம் பயந்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில், நாயும் நரியும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, குருவம்மாவின் ஆட்டுக்கிடைக்குச் செம்பன்தான் காவல் நாய். பகலில் ஆடுகள் மேயப் போய்விடும். நடக்கத் தெம்பில்லாத குட்டிகளைப் பனையோலைக் கூடாப்புக்குள் அடைத்துவிட்டு, பக்கத்தில் செம்பனை உட்கார வைப்பாள் குருவம்மா.

முந்தாநாள் ஒரு குட்டியை நரி தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"இங்க பாருடா, இன்னொரு குட்டி போச்சு, உனக்கு இங்க கூழும் இல்ல, எடமும் இல்ல. காட்டுல போய் எலி புடிச்சுத் தின்னு," என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

செம்பன் கண் இமைக்கவில்லை. ஒரே சங்கடம் மூக்குதான். நாலு நாளாக ஒரே வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து அடித்த நெடியில் நரி பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. அதனால் காதை மட்டும் நம்பியது. கிடை நாய்கள் செய்கிற தப்பு இது.

இதைத் தெரிந்துவைத்திருந்தது ஒரு கரிச்சான் குருவி. பொல்லாத இளவட்டம், ஒருமுறை கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். கருவேல மரத்து உச்சியில் ஒளிந்துகொண்டு, நரியின் கரகரத்த குரலில் மெல்லக் கேட்டது: "என்ன மாப்ளே, தூக்கமா?"

செம்பன் துள்ளித் திரும்பியது. யாரும் இல்லை.

"அங்க இல்ல மாப்ளே. பின்னால."

மறுபடி திரும்பியது. வெறும் புழுதி. கூடாப்பைச் சந்தேகமாகப் பார்த்தது. உள்ளே குட்டிகள் கத்தின. கல்லைச் சந்தேகமாகப் பார்த்தது. கல் சும்மா கிடந்தது. தன் நிழலைக்கூட முகர்ந்து பார்த்தது.

இப்போது குருவம்மாவின் குரல்: "குருட்டுப் பயலே! உன் முதுகுக்குப் பின்னாலதான்டா நிக்குது. வாலு தெரியல?"

செம்பன் ஓரக்கண்ணால் பார்த்தது. ஆமாம்! செம்பட்டை மயிரோடு ஒரு வால், பின்னாலேயே! இது திரும்பினால் அது நழுவியது. இது நின்றால் அதுவும் நின்றது. என்ன திருட்டுப் புத்தி!

"நில்லுடா களவாணி!"

செம்பன் சுற்றியது. இன்னும் வேகமாகச் சுற்றியது. "விடாதடா! இதோ, இதோ, அய்யோ போச்சு!" என்று கத்தினாள் குருவம்மா. "உங்கப்பனே என்னைப் புடிச்சதில்ல," என்று இளித்தது நரி. "அண்ணே, சீக்கிரம்ணே!" என்று கெஞ்சியது ஒரு குட்டி. எல்லாம் மரத்திலிருந்துதான்; சுற்றுகிறவனுக்கு அது எங்கே தெரிகிறது? கூழ் போச்சு, இடம் போச்சு என்ற நினைப்பில் செம்பன் ஒரே தாவாகத் தாவி, அந்த வாலைக் கவ்வி, பல் இறங்கக் கடித்தது.

"ஆவ்வ்வ்!"

உயிர் போகிற வலி. அலறிய கையோடு, நரி தப்பிவிடுமே என்று மறுபடியும் கவ்விக்கொண்டது. வாய் நிறைய வால். ஆனாலும் அதே அலறல், செம்பனின் அதே குரலில், மரத்து உச்சியிலிருந்து வந்தது.

"ஆவ்வ்வ்!"

செம்பன் மெதுவாகத் தலையைத் தூக்கியது. வால் வாயிலிருந்து நழுவியது. மேலே கரிச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் கிளையிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்தாள் நிஜக் குருவம்மா. குட்டிகள் அத்தனையும் பத்திரம். நாயின் வாலில் ரத்தம். "அடி ஆத்தே! நரியோட மல்லுக்கட்டினியாடா என் ராசா? உன்னையவா தொரத்தப் பாத்தேன்!" என்று கழுத்தைத் தடவினாள்.

செம்பனுக்கு வெட்கத்தில் உடம்பு குறுகியது. பின்னால் அந்த வால் மட்டும் அவள் புகழ்ந்ததற்குக் குஷியாக ஆடிக்கொண்டிருந்தது.

'கடிச்சா எனக்குத்தான் வலிக்குது. சரி, என்னோடதுதான். ஆனா இது யாரைக் கேட்டு ஆடுது?'

அன்று முதல்தான், சும்மா படுத்திருக்கிற நாய் திடுக்கென்று எழுந்து, வாலை ஓரக்கண்ணால் பார்த்து, பதில் வாங்காமல் விடுவதில்லை என்று சுற்றிச் சுற்றித் துரத்துகிறது.